இடது காலுக்கு வேலை தராத கார்கள்

சென்ற ஆண்டு புதிய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்து, ஏறத்தாழ ஏழு மாதங்கள் தேடினேன். என் தேவைகள் மிகச் சில: பெட்ரோல் என்ஜின், கையால் கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ், நான்கு பேர் உட்கார இடம், அளவான எடை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவையும் சொல்லிவிட்டு எந்த ஷோரூமுக்குள் நுழைந்திருந்தாலும், எந்த நிறம் வேண்டும் என்ற கேள்விதான் அடுத்து வந்திருக்கும். இப்போதோ நிறுவனங்களின் இணையதளத்தில் விருப்பமான என்ஜினைத் தேர்ந்தெடுத்ததுமே, கியர்பாக்ஸ் என்ற வரியில் ஒரே ஒரு பெயர் மட்டும் நிற்கிறது, அது ஆட்டோமேட்டிக். மேனுவல் கிடைக்கும் இடங்களிலும், அது பெரும்பாலும் மிகச் சிறிய என்ஜினோடும் அடிப்படை வேரியண்ட்டோடும் சேர்த்தே வருகிறது. நல்ல இருக்கையும் நல்ல பிரேக்கும் நல்ல சஸ்பென்ஷனும் வேண்டுமென்றால் மேனுவலை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு ஷோரூமில் விற்பனையாளர் மிகுந்த பரிவோடு, நெரிசலில் இடது கால் வலிக்குமே, எதற்காக இன்னமும் மேனுவல் கேட்கிறீர்கள் என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. நின்ற இடத்தில் என்னால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதையும், இந்தக் கார்கள் ஏன் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து விலகுகின்றன என்று தேடிப் படித்தபோது புரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் வந்துகொண்டிருக்கிறோம். வளைவுக்குள் இரண்டாம் கியர் தேவைப்படும். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைக்கிறது. இடது கால் கிளட்சை மிதிக்க, கை லீவரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது. அந்தக் கணத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் இருந்தது என்றால், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு அது ஏறத்தாழ 4300 சுற்றில் சுழன்றாக வேண்டும். இடையில் உள்ள அந்த 1300 சுற்றை ஓட்டுநர்தான் கொடுக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே, பாதத்தின் வெளி விளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, என்ஜின் சுற்று உயரும் அந்த நொடியில் கிளட்சை விட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது. தட்டத் தவறினால், குறைந்துபோன சுற்றுகளைக் கிளட்ச் தகடும் சக்கரங்களும் சேர்ந்து என்ஜினுக்குள் திணிக்க வேண்டியிருக்கும். கார் முன்னால் குனியும். பின்சக்கர இழுவை உள்ள காராக இருந்து சாலையும் ஈரமாக இருந்தால், பின்பக்கம் வழுக்கவும் செய்யும். இவ்வளவும் அரை நொடியில் நடந்து முடிகிறது.

இதைச் சரியாகச் செய்ய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் கற்றுக்கொண்டது 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட, மிகச் சாதாரணமான ஒரு பழைய காரில். அதற்கு வலு குறைவு என்பதால், மேட்டில் ஏறும்போது எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்பதை மேடு வருவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். முன்னால் போகும் லாரியை முந்த நினைத்தால், எதிர்ச்சாலை தெளிவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கு இறங்கிக் காத்திருக்க வேண்டும். சாலையை இருநூறு மீட்டர் முன்கூட்டியே படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தக் காரின் கியர் லீவரால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். என்ஜினின் ஓசையைக் கேட்டே அது எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று அறிவதும், கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தை உள்ளங்காலால் உணர்வதும், வண்டி இழுக்கத் திணறுவதற்கு ஒரு கணம் முன்பே கை லீவரை நோக்கிப் போவதும், யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தவை அல்ல. திரும்பத் திரும்பத் தவறு செய்து, அந்தத் தவறை வண்டியின் குலுக்கலாகவே உடம்பில் வாங்கிக்கொண்டு வந்தவை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நேற்று வந்ததன்று. காடிலாக் நிறுவனம் பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் சிங்க்ரோமெஷ் அமைப்பை 1928இல் கொண்டுவந்து மேனுவலை எளிதாக்கியது. அதற்குப் பத்து ஆண்டுகள் கடந்ததும், 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற முழுமையான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்துவிட்டது. ஆக, இரண்டும் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்திருக்கின்றன. ஓட்டுவதை விரும்பியவர்கள் அக்காலத்தில் அஞ்சவில்லை. அஞ்சக் காரணமும் இருக்கவில்லை. பழைய ஆட்டோமேட்டிக்கில் மூன்று அல்லது நான்கு கியர்களே இருந்தன. என்ஜினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் எப்போதும் கொஞ்சம் நழுவிக்கொண்டே இருந்ததால், எரிபொருளும் வீணாகும், இழுவையும் குறையும். மேனுவல் விலை குறைவானது, சிக்கனமானது, வேகமானது என்ற மூன்று காரணங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ரசனைக்காக வாங்கியவரும் சிக்கனத்துக்காக வாங்கியவரும் ஒரே கியர்பாக்ஸைத்தான் வாங்கினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ரசிகர்களுக்கான மேனுவல், சிக்கனம் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் ஏறித்தான் இத்தனை காலம் பயணம் செய்தது.

முதலில் போனது வேகம். 1989இல் பிரேசில் கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் ஃபெராரி 640 காரை நைஜல் மான்செல் வெற்றிக்கு ஓட்டிவந்தார். அந்த அமைப்புக்கு அதுவே முதல் பந்தயம். 1997இல் ஃபெராரி அதே எண்ணத்தை எஃப்355 என்ற சாலைக் காருக்குக் கொண்டுவந்தது. ஆனால் உண்மையான திருப்பம் 2003இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொரு கிளட்ச். இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியர் கோத்துத் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடித்துவிடும் என்பதால் இழுவை அறுபடுவதே இல்லை. எந்த மனிதக் காலாலும் கையாலும் அந்த வேகத்தை எட்ட முடியாது. பழைய வகை ஆட்டோமேட்டிக்கும் சும்மா இருக்கவில்லை. 2009இல் வந்த இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நழுவலைப் பெருமளவு ஒழித்து, டூயல் கிளட்சுக்கு நெருக்கமான விரைவைக் காட்டியது. 2013இல் போர்ஷே, பந்தயத் தன்மை கொண்ட தன் 911 ஜிடி3 காரில் மேனுவலையே நீக்கிவிட்டது. வேகத்தைப் பற்றிய விவாதம் அன்றோடு தீர்ந்தது. மேனுவல் வேகமானது என்று இன்றும் வாதாடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வாதம் நம் பக்கத்தைப் பலவீனப்படுத்தவே செய்கிறது.

அடுத்தது சிக்கனம். இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. ஏனென்றால் மேனுவலின் சரிவில் அளவுகோலுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த என்இடிசி என்ற சோதனைமுறையில், மேனுவல் கார் எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்பதைச் சோதனை விதியே வரையறுத்திருந்தது. என்ஜின் எவ்வளவு மெதுவான சுற்றில் இழுக்க வல்லது என்பதைப் பற்றி அந்த விதிக்குக் கவலையில்லை. ஆட்டோமேட்டிக்குக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் இல்லாததால், தன் மென்பொருள் சொல்கிறபடி கூடிய விரைவில் உயர்ந்த கியருக்கு ஓடி, குறைந்த கரிம உமிழ்வைக் காகிதத்தில் காட்ட முடிந்தது. 2017இலிருந்து வந்த டபிள்யூஎல்டிபி சோதனையில் கியர் மாற்றும் இடங்கள் ஒவ்வொரு காருக்கும் தனியே கணக்கிடப்படுகின்றன. ஆனால் அதற்குள் எட்டு, ஒன்பது, பத்து கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக்குகள் வந்துவிட்டன. மனிதன் மாற்றும் கியர்பாக்ஸில் ஏழுக்கு மேல் வைத்தால் லீவர் எங்கே இருக்கிறது என்பதே குழம்பிவிடும். விற்கப்படும் எல்லாப் புதிய கார்களின் சராசரி கரிம உமிழ்வு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கை ஐரோப்பிய ஒன்றியம் வகுத்து, மீறும் ஒவ்வொரு கிராமுக்கும் நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்த பிறகு, இரண்டு மூன்று கிராம் வேறுபாடுகூட ஒரு கியர்பாக்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

அதே உமிழ்வு விதிகள் மிச்சமிருக்கும் மேனுவல் கார்களின் தன்மையையும் மாற்றிவிட்டன என்பதை, ஏழு மாதத் தேடலில் ஓட்டிப் பார்த்த கார்கள் எனக்குக் காட்டின. முன்பெல்லாம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் சுற்று சட்டென்று விழும். அந்த விழும் வேகத்துக்கு ஏற்பக் கை நகரும். அடுத்த கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். இப்போதைய பல கார்களில், அரைகுறையாக எரிந்த வாயு வெளியேறாமல் இருக்க, காலை எடுத்த பிறகும், என்ஜினுக்குள் காற்றை விடும் மின்னணு த்ராட்டில் ஒரு கணம் சற்றே திறந்தபடி நிற்கிறது. அதிர்வைக் குறைப்பதற்காக என்ஜினோடு சுழலும் கனமான இரட்டை ஃப்ளைவீல் சக்கரம் வேறு. சுற்று விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாம் காத்திருக்கிறோம், காத்திருக்காமல் கிளட்சை விட்டால் கார் துள்ளுகிறது. சில கார்களில், கிளட்சை முரட்டுத்தனமாக விடுபவரிடமிருந்து கியர்பாக்ஸைக் காப்பாற்ற, கிளட்சின் எண்ணெய்க் குழாயில் ஒரு சிறு துளையை வைத்து அதன் பிடிப்பைத் தாமதப்படுத்துகிறார்கள். பெடலை எப்படி விட்டாலும் அது தன் போக்கில்தான் பிடிக்கும். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இடையே பாதத்தைச் சாய்க்கவே முடியாத இடைவெளி. ரப்பரைக் கிளறுவது போன்ற லீவர். இப்படிப்பட்ட காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, மேனுவலில் என்ன இன்பம் இருக்கிறது என்று ஓர் இளைஞர் கேட்டால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன். மேனுவல் என்ற பெயர் பட்டியலில் இருப்பது போதாது. அதைச் செய்தவர் அதை விரும்பிச் செய்திருக்க வேண்டும். தேடலில் எனக்கு மிகுந்த ஏமாற்றம் தந்தவை மேனுவல் இல்லாத கார்களைக் காட்டிலும், பெயருக்கு மேனுவல் வைத்திருந்த கார்கள்தான்.

பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. தானாகப் பிரேக் போடும் அமைப்பு உயிர்களைக் காக்கிறது. அதை எதிர்த்து ஒரு சொல்கூட எழுத மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பு விதி 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் பல கருவிகளைக் கட்டாயமாக்கியது. டொயோட்டாவின் ஜிஆர்86, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத என்ஜினும் பின்சக்கர இழுவையும் கொண்ட எளிய கார், இந்த விதியால் ஐரோப்பாவில் இரண்டே ஆண்டுகளில் விற்பனையை முடித்துக்கொண்டது. போர்ஷே 718 பாக்ஸ்டர், கேமன் கார்களின் பெரும்பாலான வடிவங்களும் 2024இல் அங்கே நின்றன. அவற்றுக்குக் காரணம் கணினி ஊடுருவலிலிருந்து காரைக் காக்கும் விதி. பழைய மின்னணு அமைப்பை முழுவதும் மாற்றி எழுதுவதற்கு, விரைவில் விடைபெறவிருந்த ஒரு காரில் பொருளாதார நியாயம் இருக்கவில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மேனுவலும் இந்தக் கருவிகளும் ஒத்துவராது என்று சொல்லப்படுவது முழு உண்மையன்று. ஜிஆர்86இன் உடன்பிறப்பான சுபாரு பிஆர்இசட் காரின் மேனுவல் வடிவத்துக்கு 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து தானியங்கிப் பிரேக் உள்ளிட்ட ஐசைட் அமைப்பு வந்துவிட்டது. கார் முழுவதும் நிற்கும்போது மேனுவலின் என்ஜின் அணைந்துபோகும், நெரிசலில் தானாக நின்று தானாகப் புறப்பட முடியாது என்பவை உண்மையான எல்லைகள். ஆனால் செய்ய முடியாது என்பதற்கும், இத்தனை பேருக்காகச் செய்வது கட்டுபடியாகாது என்பதற்கும் பெரிய இடைவெளி உண்டு. இந்த இடைவெளியில்தான் மேனுவல் மறைந்துகொண்டிருக்கிறது.

கட்டுபடி ஆகாமல் போவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒவ்வொரு கியர்பாக்ஸுக்குமான சேர்க்கை தனித்தனியே சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். தனித்தனி மென்பொருள் எழுதப்பட வேண்டும். உற்பத்தி வரிசையில் தனி இடம் வேண்டும். நூறு பேரில் நாற்பது பேர் மேனுவல் கேட்டபோது இது பெரிதாகத் தெரியவில்லை. நான்கு பேர் கேட்கும்போது அந்த நான்கு பேரின் தலையில் முழுச் செலவும் விழுகிறது. அமெரிக்காவில் 1980இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேனுவல். இன்று அது நூறில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. இதற்கு மேல் முறுக்குவிசையின் சிக்கல். டர்போ என்ஜின்கள் தாழ்ந்த சுற்றிலேயே பெரும் முறுக்குவிசையைத் தருகின்றன. அதைத் தாங்கும் மேனுவல் கியர்பாக்ஸுக்குப் பருத்த பற்களும் பெரிய சிங்க்ரோ வளையங்களும் வேண்டும். லீவர் கனக்கும், கிளட்ச் இறுகும். பிஎம்டபிள்யூவின் இப்போதைய எம்3 தலைமுறை 2021இல் வந்தபோது, மேனுவல் கார் 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு நிறுத்தப்பட்டது. 650 நியூட்டன் மீட்டர் கொண்ட காம்படிஷன் வடிவத்துக்கு ஆட்டோமேட்டிக் மட்டுமே. பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வரும்போது கதவு இன்னும் குறுகுகிறது. 2024இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் காரில் மின்மோட்டார் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டதால், மேனுவல் அங்கிருந்து வெளியேறியது. ஹைபிரிட் என்றாலே மேனுவல் கூடாது என்று இயற்கை விதி எதுவும் இல்லை; 1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டுக்கு ஐந்து கியர் மேனுவலும், 2010இல் வந்த சிஆர்-இசட்டுக்கு ஆறு கியர் மேனுவலும் இருந்தன. அந்தப் பாதையில் பின்னர் எவரும் நெடுந்தொலைவு நடக்கவில்லை.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். மேனுவல் முழுவதும் அழியவில்லை. அது மேலே ஏறிவிட்டது. ஜிடி3 ரசிகர்களின் ஏமாற்றத்தைக் கண்ட போர்ஷே 2016இல் 911 ஆர் என்ற காரை மேனுவலோடு மட்டும், 991 எண்ணிக்கையில் செய்தது. மறு ஆண்டே ஜிடி3 காரிலும் மேனுவல் திரும்பியது. கார் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரேயின் டி.50 கார் நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை ஏறும் வி12 என்ஜினையும் ஆறு கியர் மேனுவலையும் கொண்டது. நூறு கார்கள் மட்டும். ஆஸ்டன் மார்ட்டின் வேலர், 110 கார்கள். பகானி உட்டோபியாவில் ஏழு கியர் மேனுவலைக் கேட்டு வாங்கலாம். இவையெல்லாம் அற்புதமான பொறியியல் படைப்புகள். அவற்றைச் செய்தவர்களின் அன்பு ஒவ்வொரு திருகிலும் தெரிகிறது. ஆனால் அதே காலத்தில் கீழ்த்தளத்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபோர்டு ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் நின்றது. மேனுவலில் மட்டுமே விற்ற அதன் எஸ்டி வடிவமும் அதோடு போயிற்று. ஹூண்டாய் ஐ20 என் 2024இல் ஐரோப்பாவில் விடைபெற்றது. புதிய மினி கூப்பரில் மேனுவல் இல்லை. 1976இல் நான்கு கியர் மேனுவலோடு, 110 குதிரைத்திறனும் 810 கிலோ எடையுமாகப் பிறந்த கோல்ஃப் ஜிடிஐ, 2024இன் புதுப்பிப்பில் ஆட்டோமேட்டிக் மட்டுமே கொண்ட காராகிவிட்டது.

என் கருத்தில், ஓட்டுநருக்கு இழப்பு நேர்ந்தது இந்தக் கீழ்த்தளத்தில்தான். மேனுவலின் பயன் கியரை மாற்றுவதில் இருக்கிறது. மாற்றுவதற்குத் தேவை எழ வேண்டும். வலு மிகுந்த விளையாட்டுக் கார்களில் கியர்கள் மிக நீளமானவை; போர்ஷே 718 கேமன் ஜிடி4 இரண்டாம் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பொதுச் சாலையில் சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டும் ஒருவர் அந்த அருமையான லீவரை எத்தனை முறை தொடுவார்? 1000 கிலோ எடையும் 120 அல்லது 130 குதிரைத்திறனும் கொண்ட ஒரு கார், அதைவிடக் குறைந்த வேகங்களிலேயே கியர்களையும் என்ஜினின் உச்சிச் சுற்றையும் பயன்படுத்த வைக்கிறது. எந்த விதியையும் மீறாமல், எவரையும் அச்சுறுத்தாமல், ஒருவர் தன் திறமையின் எல்லையில் ஓட்ட முடிவது அத்தகைய காரில்தான். கற்றுக்கொள்ளும் களமும் அதுவே. சாதாரணமான, சிறிய, நல்ல லீவர் கொண்ட பெட்ரோல் கார் இல்லாமல் போனால், நூறு பேருக்கான அந்த அரிய மேனுவல் கார்களை நாளைக்கு விரும்புவதற்கே ஆள் வளர மாட்டார்கள். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதி உரிமம் பெற்றால் மேனுவலை ஓட்ட அனுமதி இல்லை என்ற விதி பல நாடுகளில் உண்டு. கற்றுத்தரும் கார்களே ஆட்டோமேட்டிக்காக மாறும்போது, ஒரு தலைமுறைக்கு இந்தக் கதவு சட்டப்படியே சாத்தப்பட்டுவிடும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் அந்தக் களத்தைக் காத்து நிற்கிறது. 1989இலிருந்து இன்றுவரை, ஏறத்தாழ ஒரு டன் எடை, மணிக்கட்டின் அசைவிலேயே கியர் மாறும் குட்டையான லீவர், பின்சக்கர இழுவை என்ற இலக்கணத்தை அது விடவில்லை. 2016இல் பத்து லட்சமாவது கார் உருவானது. ஆனால் இருவர் மட்டுமே உட்காரலாம் என்பதால் அது என் தேவைக்குள் அடங்கவில்லை. டொயோட்டா ஜிஆர் யாரிஸும் ஜிஆர் கொரொலாவும் மேனுவலோடு மட்டுமே அறிமுகமாகி மகிழ்ச்சி தந்தன. பின்னர் இரண்டுக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்க்கப்பட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பதுதான் நியாயமான வழி.

நம் பக்கத்துப் பொறுப்பையும் பேசியாக வேண்டும். மேனுவல் வேண்டும் என்று உரக்கச் சொல்லும் நம்மில் பலர் புதிய கார் வாங்குவதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய காரைத்தான் வாங்குகிறோம். நானும் இதற்கு முன் இரண்டு முறை அப்படித்தான் வாங்கினேன். நிறுவனம் எண்ணுவது தன் கதவைத் தாண்டி வெளியேறும் புதிய கார்களை. பழைய கார்ச் சந்தையில் மேனுவலுக்கு எவ்வளவு போட்டி இருக்கிறது என்பது அதன் கணக்கேட்டில் ஏறாது. அடுத்த தலைமுறைக் காரைத் திட்டமிடும் மேசையில் நம் விருப்பம் பூஜ்யமாகவே பதிவாகிறது. கேட்டு வாங்கியபோது பலன் கிடைத்திருக்கிறது என்பதும் வரலாறு. பிஎம்டபிள்யூ தன் வி10 என்ஜின் கொண்ட எம்5 காரைத் தானியங்கிக் கிளட்ச் கியர்பாக்ஸோடு மட்டும் கொண்டுவந்தபோது, வட அமெரிக்க வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால், அந்தச் சந்தைக்கென்று ஆறு கியர் மேனுவலைச் செய்துகொடுத்தது. ஜிடி3இன் கதையை மேலே சொன்னேன். இரண்டிலும் கேட்டவர்கள் முன்பதிவுப் பணத்தோடு நின்றார்கள்.

மின்சாரக் கார்களில் போலிக் கியர்கள் வந்திருப்பதைப் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5 என் எட்டு கியர் பெட்டியின் உதைப்பையும் ஓசையையும் மென்பொருளால் உண்டாக்குகிறது. டொயோட்டா கிளட்ச் பெடலும் லீவரும் வைத்து, தவறாக விட்டால் அணைந்துபோவது போலவே நடிக்கும் மாதிரிக் காரைச் செய்து காட்டியிருக்கிறது. இவற்றைச் செய்யும் பொறியாளர்கள் நம்மைப் போன்றவர்கள்தான், அக்கறையோடுதான் செய்கிறார்கள். என்றாலும், மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தருவதால் அதற்குக் கியர் தேவைப்படுவதில்லை. பெட்ரோல் என்ஜினோ குறிப்பிட்ட சில சுற்றுகளுக்குள்தான் நன்றாக இழுக்கும். அதை அந்த எல்லைக்குள் வைத்திருக்கும் பொறுப்பு நம் கையில் தரப்பட்டிருந்தது. அந்தக் குறையிலிருந்து பிறந்த உறவு இது. குறையில்லாத இடத்தில் அதை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கு விளங்கவில்லை.

ஏழு மாதங்களின் முடிவில் நான் புதிய கார் வாங்கவில்லை. என்னிடம் இருக்கும் பதினான்கு ஆண்டுக் காரையே, டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் மேனுவலும் கொண்டதை, தொடர்ந்து வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். குளிர்ந்த காலைகளில் இரண்டாம் கியர் விழும்போது ஒரு சிறு கரகரப்பு கேட்கத் தொடங்கியிருந்தது. நெடுநாளாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். ஓட்டிப் பார்த்தவர், இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது, இப்போதே கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை, ஆனால் உதிரிப் பாகங்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது என்றார். முன்பு கழற்றிய வேறொரு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளை நிறத்தில், வளையல் அளவில், உட்புறம் முழுக்க நூலிழை போன்ற வரிகள் ஓடின. அவைதான் சுழலும் கியரைப் பற்றி வேகத்தைச் சமன்செய்பவை. தேய்ந்த பக்கத்தில் வரிகள் மழுங்கி வழவழப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் என் கையின் அவசரத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட பொருள் இப்படித்தான் இருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு சிங்க்ரோ வளையங்கள், ஒரு கிளட்ச் தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றை வரவழைத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். கியர் ஆயிலையும் மாற்றியாயிற்று. காலையில் முதல் பத்து நிமிடங்கள், இரண்டாம் கியருக்கு இறங்கும்போது மட்டும், நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போடுகிறேன். சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன்பு எல்லோரும் ஓட்டிய முறை. கரகரப்பு வருவதில்லை. ஆயில் சூடேறிய பிறகு அதற்கும் தேவை இருப்பதில்லை.